எழுபத்துமூன்றாம் ஜோடி

கண்ணாடிக்கடைக்காரர் நாள் முழுக்கச் செய்வது ஒரே வேலை. வந்தவரை உட்கார வைப்பார். ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார். பிறகு மற்ற கண். இரண்டும் நன்றாக இருப்பதாக நம்பிக்கொண்டு வருகிறவர்களே அதிகம். ஒன்றை மூடினால்தான் இன்னொன்றின் லட்சணம் தெரியும். "இது எப்ப சார் போச்சு?" என்று அவரிடமே கேட்பார்கள், என்னவோ அவர்தான் எடுத்து மேஜைக்குள் போட்டுக்கொண்ட மாதிரி.

அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் இருந்தது மாடி வீட்டின் முன்னறையில். அங்கே பத்து ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள். எல்லாம் பழையவை, எல்லாம் இத்தனைதான் என்று எண்ணிச் செய்து நிறுத்திக்கொண்டவை. இருநூறு ஜோடி, ஐம்பது ஜோடி, ஒரு கம்பெனி மூடுவதற்கு முன் கடைசியாகச் செய்த பதினெட்டு ஜோடி. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் பொறித்த பித்தளைத் தகடு. அறையில் நாற்காலி ஒன்றுதான். கேட்கப்போகும் ஜோடிக்கு நேர் எதிரே, இரண்டு பெட்டிக்கும் சம தூரத்தில். அதன் கால்கள் நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் வட்டமிட்டிருந்தார். மனைவி தரை துடைக்கும்போது வட்டம் அழியும். மறுபடி டேப்பை எடுத்து அளந்து போடுவார்.

ஞாயிறு காலைகளில் கூட்டாளிகள் வருவார்கள். பல் டாக்டர், கணக்கு வாத்தியார், இன்ஷூரன்ஸ்காரர், லிஃப்ட்காரர். நால்வரும் சுவரோரப் பெஞ்சில் உட்காருவார்கள். யாராவது புதிதாக ஒரு ஜோடி பிடித்துவிட்டால் முதலில் இங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். ஐந்து நிமிஷம். பிறகு வாயைத் திறப்பார். "இடது ஊஃபர் காகிதம் மாத்தினது." "உள்ள ஒயர் பிற்காலத்தது." அவர் சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது. நாலு மாதம் அலைந்து பல் டாக்டர் கொண்டுவந்த ஜோடியை ஒருமுறை மூன்றே நிமிஷத்தில் போலி என்றார். டாக்டர் மறுபேச்சில்லாமல் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். திறந்து பார்த்தால் போலியேதான்.

இவர்களில் லிஃப்ட்காரர் மட்டும் பெட்டி சேர்ப்பவரல்ல. நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். மோட்டார் அறைக்கு வெளியே நின்று காது கொடுத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லுவார். மற்றவர்களின் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பது அவர்தான். அறுந்த கம்பியை ஒட்டுவார், கிழிந்த காகிதத்துக்கு ஒட்டுப் போடுவார். கூலி வாங்கமாட்டார். ஊரில் இல்லாதபோது வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது போல, பெட்டிகளை அவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் குறித்துவைத்துக்கொண்டதில்லை. அவருக்கு அந்த நம்பிக்கையே போதும்.

அவரிடம் சொந்தமாக இருந்தது ஒரே ஜோடி. எழுபத்துமூன்று.

நூற்றிருபது ஜோடி செய்தார்கள், ஒரே வருஷம். அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையில் ஃபேன் செய்யப் போய்விட்டார்கள். இடுப்புயரம், கருத்த மரம். கீழே கனத்த ஒலிக்குப் பெரிய ஊஃபர், மேல்முனையில் மெல்லிய ஒலிக்கு ட்வீட்டர், பாட்டில் மூடி அளவு. வயலினில் வில் உரசுவது, தாளத்தட்டின் சிலுசிலுப்பு, பாடுகிறவர் மூச்சை இழுப்பது எல்லாம் அந்த மூடி வழியாகத்தான் வரும். அது நடுவில் இல்லாமல் உள்பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதனால் இடது பெட்டி இடதுதான், வலது வலதுதான், இரண்டு கைகள் போல. இடம் மாற்றி வைக்கும் பேச்சே கிடையாது. "இடது செருப்ப வலது கால்ல போடுவியா?" என்பார் கண்ணாடிக்காரர். ட்வீட்டரைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளின் தலையிலும் தொழிற்சாலையிலேயே ஒரு சொட்டுச் சிவப்பு அரக்கு வைத்து அனுப்பினார்கள். அரக்கு உடையவில்லை என்றால் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம். விவரம் தெரிந்தவர்கள் பெட்டியைப் பார்க்குமுன் அரக்கைப் பார்ப்பார்கள்.

லிஃப்ட்காரரின் மனைவி போய்ச்சேர்ந்த பிறகு மகள் வீட்டோடு போகவேண்டி வந்தது. அவருக்கு ஒழித்துக் கொடுத்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டதும் கதவு பாதிதான் திறந்தது. எழுபத்துமூன்றைக் கண்ணாடிக்காரர் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்.

"விலை பேசாத," என்றார். "அலமாரி மேல வைக்கிற சின்ன ஜோடி ஒண்ணு வச்சிருக்கியே, அதக் குடு. போதும்."

"யானையக் குடுத்துட்டு ஆட்டுக்குட்டி கேக்கறியே."

"ஆட்டுக்குட்டிக்குத்தான் இப்ப இடம். யானைய உன் காதுக்காகக் குடுக்கறேன். வேற எவனுக்கும் இதுல பாதிகூடக் கேக்காது."

கண்ணாடிக்காரர் அன்றிலிருந்து வேறு எந்தப் பெட்டியையும் தொடவில்லை. மற்ற ஜோடிகளில் அங்கங்கே சின்னச்சின்னத் தளர்ச்சி உண்டு. வயசானது என்று பொறுத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரில் இடது வலதைச் சரிக்கட்டும் குமிழைக் கொஞ்சம் திருப்பி வைத்துக் கேட்பார். எழுபத்துமூன்றுக்கு அந்தச் சலுகை தேவைப்படாது என்று நினைத்தார். நூற்றிருபதில் குறையே சொல்லமுடியாத ஜோடி என்று அவரே பல தடவை தீர்ப்புச் சொன்னது.

மூன்றாவது வாரம் முகத்தில் ஒரு சுளிப்பு வந்தது. வலது பக்கம் மந்தம். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல. நடுவில் நிற்கவேண்டிய பாட்டுக்காரி இடப்பக்கமாக நகர்ந்து நின்று பாடினாள்.

முறைப்படி சோதித்தார். ஒயரைக் கழற்றி, இடது பெட்டிக்குப் போனதை வலதுக்கும், வலதுக்குப் போனதை இடதுக்கும் மாற்றி மாட்டினார். மந்தம் நகரவில்லை, வலதிலேயே நின்றது. அப்படியானால் ரெக்கார்டில் குறையில்லை, ஆம்ப்ளிஃபயரில் குறையில்லை, ஒயரில் குறையில்லை. மிஞ்சியது பெட்டிதான். யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

முன்துணியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். இடது பெட்டியில் நான்கு அரக்குச் சொட்டு. வலதில் மூன்று.

முப்பது வருஷப் பழக்கம். ஊர்ப்பட்ட பெட்டிகளை அந்த ஆளிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். ட்வீட்டர் ஒன்றை உருவிக்கொண்டு எதையோ மாட்டி, என் தலையில் கட்டலாம் என்று அவனுக்கு எப்படித் தோன்றியது?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். கண்ணாடிக்காரர் எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. டீ கொண்டுவந்த மனைவியை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். ரெக்கார்டை ஓடவிட்டார்.

"வலது பக்கம் என்ன கேக்குது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பல் டாக்டர் கண்ணை மூடினார். வாத்தியார் தலையைச் சாய்த்தார்.

"மந்தமா இல்ல?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதான் பாத்தேன்," என்றார் டாக்டர் உடனே. "உள்ள வரும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு."

"மூடின மாதிரி இருக்கு சார்," என்றார் வாத்தியார்.

"சளி பிடிச்ச மாதிரி," என்றார் இன்ஷூரன்ஸ்காரர். அவர் எப்போதும் கடைசியில்தான் சொல்லுவார், எதையாவது கூடுதலாகச் சொல்லுவார்.

லிஃப்ட்காரர் மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தான இருக்கு," என்றார்.

"உனக்குத் தெரியாதுதான். தெரிஞ்ச மாதிரி காட்டிக்க முடியுமா?" கண்ணாடிக்காரர் துணியைக் கழற்றினார். "நாலாவது அரக்கு எங்க?"

"அது விழுந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. என் பொண்ணு சின்னப் புள்ளையா இருக்கும்போது நகத்தால நோண்டினா."

"பொண்ணு நோண்டினாளா, அப்பா நோண்டினாரா?"

இன்ஷூரன்ஸ்காரர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

கண்ணாடிக்காரர் திருப்புளியை எடுத்தார். லிஃப்ட்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். "ஏய், திறக்காத. சொல்றதக் கேளு. திறந்தா மறுபடி மூடினதா ஆகாது அது." கண்ணாடிக்காரர் மீதி மூன்று அரக்கையும் உடைத்தார். ட்வீட்டரை வெளியே இழுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க, இடது பெட்டியையும் திறந்தார். இடதில் கம்பி சேரும் இடத்து ஈயம் பளபளவென்று வழிந்து உறைந்திருந்தது. வலதில் ஈயம் சாம்பல் நிறமாக, குறுகலாக இருந்தது.

"ரெண்டும் ஒரே கை வச்சதா?"

"ரெண்டு கைதான்," என்றார் லிஃப்ட்காரர். "தொழிற்சாலையில இடது பெட்டி ஒருத்தன் செய்வான், வலது பெட்டி இன்னொருத்தன் செய்வான். ரெண்டு மேஜை. இது என்ன புதுசா?"

"எல்லாத்துக்கும் பதில் ரெடியா இருக்கே."

லிஃப்ட்காரர் அவர் முகத்தை நேராகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அதைத் திருப்பி மாட்டு. நாற்காலியத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகக் காட்டி உக்காந்து ஒரு தடவ கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். கேலி செய்துவிட்டு நழுவப் பார்க்கிறான் என்று கண்ணாடிக்காரர் எடுத்துக்கொண்டார். "முதுகக் காட்டினது நானா நீயா?" என்றார்.

லிஃப்ட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். டீ அவர் இடத்தில் ஆறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை கண்ணாடிக்காரர் கடையைத் திறக்க வந்தபோது, ஷட்டர் அருகே பழைய பெட்ஷீட்டில் சுற்றிய மூட்டை ஒன்று இருந்தது. அந்தச் சின்ன ஜோடி.

பல் டாக்டர் ஞாயிறன்றே பெட்டி சேர்ப்பவர்களின் ஃபோன் குரூப்பில் எழுதிவிட்டார். பெயர் போடவில்லை. "ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனம், உள்ளே மாற்றிவிடுகிறார்கள்" என்று மட்டும். அடுத்த நிமிஷம் லிஃப்ட்காரரைக் குரூப்பிலிருந்து நீக்கினார். பெயர் போட்டிருந்தாலே பரவாயில்லை. வேறு ஊர்க்காரர்கள்கூடத் தங்கள் பெட்டிகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். எதிலாவது ஏதாவது குறை இருக்கத்தானே செய்யும். எல்லாக் குறைக்கும் ஒரு கை கிடைத்துவிட்டது.

கண்ணாடிக்காரர் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த ஞாயிறு மாலை ட்வீட்டரைத் திருப்பி மாட்டும்போது, மயிரிழைபோல ஒரு கம்பி, வட்டின் விளிம்பிலேயே அறுந்தது. அதை ஒட்டக்கூடிய கை ஊரில் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கையிடம் போக முடியாது. அறுந்ததை ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார். டப்பாவில் கிடந்த வேறொரு கம்பெனி ட்வீட்டர் ஒன்று அளவுக்குப் பொருந்தியது. அதை மாட்டித் துணியைப் போட்டு மூடினார். கேட்டுப் பார்த்தார். முன்பு இருந்த மந்தம் அப்படியே இருந்தது. எப்படியும் போலியை எடுத்துவிட்டுப் போலியைத்தானே மாட்டினோம் என்று நினைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் போனது.

ஒருநாள் மதியம் கடையை மூடிவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தார். மனைவி ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும் என்று நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். வேலை முடிந்து அவள் உள்ளே போயிருந்தாள். அவர் ரெக்கார்டை ஓடவிட்டுக் களைப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் ஜன்னலுக்கு, முதுகு பெட்டிகளுக்கு.

பாட்டுக்காரி பின்னாலிருந்து பாடினாள். வயலின் சேர்ந்துகொண்டது. அவர் எதையும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மந்தம் வலது தோளுக்குப் பின்னால் இருப்பது உறைத்தது. அங்கே நின்றது இடது பெட்டி.

எழுந்தார். நாற்காலியைத் திருப்பினார். மந்தம் வலது பெட்டிக்குப் போனது. மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பினார். இடது பெட்டிக்கு வந்தது. மூன்றாவது தடவை நாற்காலியைத் திருப்பவில்லை. கடையில் செய்வதைச் செய்தார். இடது காதை உள்ளங்கையால் மூடினார்.

பாட்டுக்காரியின் குரல் இருந்தது. மூச்சு இல்லை. வயலின் எங்கோ பக்கத்து வீட்டில் வாசித்தது. சிலுசிலுப்பு அறவே இல்லை. ரெக்கார்டு முடிந்து ஊசி கடைசிப் பள்ளத்தில் உரசிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தமும் கையை எடுத்த பிறகுதான் கேட்டது.

இரண்டு வருஷத்துத் தீர்ப்புகளை மனதுக்குள் எடுத்துப் பார்த்தார். வாத்தியாரின் ஜோடி, வலது பக்கம் தளர்ச்சி. இன்ஷூரன்ஸ்காரரின் ஜோடி, வலது பக்கம் ஒயர் சரியில்லை. ஊரிலிருந்த வலது பெட்டிகளெல்லாம் வரிசையாகக் கெட்டுப்போயிருந்தன.

காது டாக்டரிடம் மனைவியும் கூட வந்தாள். தாளில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று தரைபோலச் சமமாகப் போனது. இன்னொன்று பாதி வழியில் கிணற்றுக்குள் இறங்கியது.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் காது டாக்டர்.

"ரெண்டு வருஷமா," என்றாள் மனைவி.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். வெளியே வந்து தெருவில் நடக்கும்போது கேட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா நான் உங்களுக்கு இடது பக்கம்தான் நடக்கறேன். கட்டில்லகூட இடம் மாறிப் படுத்தேன். பாக்கலையா?"

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. 'என் காதப் பத்தி நீ பேசறியா'ன்னீங்க. அதுக்கப்புறம் ஒருதடவ சொன்னேன், வலது பக்கம் நின்னு சொல்லிட்டேன் போல."

"அவன் விஷயத்துலயாவது..."

"லிஃப்ட்கார அண்ணன் வந்த அன்னிக்கு என்ன டீயக் குடுத்துட்டு உள்ள போகச் சொன்னீங்க. போனேன். அப்புறம் நானா கேட்டப்ப, 'திருட்டுப்பயலப் பத்தி இந்த வீட்ல பேச்சு வேண்டாம்'னீங்க. நிறுத்திட்டேன்." அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். "பஸ் வருது. இப்படி ஓரமா வாங்க."

லிஃப்ட்காரரின் மகள் வீடு நாலாவது மாடி. மகள் கதவைத் திறந்தாள். சின்ன வயசிலிருந்து "மாமா, மாமா" என்று காலைக் கட்டிக்கொண்டவள். இப்போது வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "அப்பா, உங்களைப் பாக்க வந்திருக்காங்க," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கதவு பாதி திறக்கும் அறையில் லிஃப்ட்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பீரோ மேல் ஒன்றுமில்லை, ரேடியோகூட இல்லை.

"லிஃப்ட்லயா வந்தே?"

"ஆமா."

"கீழ் பேரிங் போகப்போகுது அதுல. சொன்னா எவன் கேக்கறான்." பிறகு கேட்டார், "நாற்காலியத் திருப்பினியா?"

கண்ணாடிக்காரர் தலையசைத்தார். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சொன்னார், "உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"அதுக்கு முன்னாடியே சந்தேகம், அன்னிக்கு உறுதியாச்சு. கடை ஃபோன வலது காதுல வச்சுப் பேசறவன் நீ. எப்பவோ இடது காதுக்கு மாத்தினே. சத்தம் மாறினா கவனிக்கறதுதான நாப்பது வருஷமா என் பொழப்பு."

"நேரா சொல்லியிருக்கலாமில்ல?"

"அத்தனை பேர் நடுவுல உன் காது போச்சுன்னு சொல்லச் சொல்றியா? அந்தக் காத வச்சுத்தான அவங்க உன்ன நாற்காலில உக்கார வச்சிருக்காங்க. அதான் திருப்பிப் போடுன்னேன். தனியா திருப்பியிருந்தா உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சிருக்கும்."

கண்ணாடிக்காரருக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அந்த அறையில் நுழையாது போலவும் இருந்தது.

"மாப்பிள்ளை கேட்டார்," என்றார் லிஃப்ட்காரர். "ஆபீஸ்ல யாரோ சொன்னாங்களாம். 'என்ன மாமா இது'ன்னு கேட்டார், அவ்வளவுதான். ஆனா அன்னியிலருந்து இந்த வீட்டு மிக்ஸி ரிப்பேருக்குக் கடைக்குத்தான் போகுது."

"நான் என்ன செய்யணும்?"

"என்கிட்ட வந்து சொல்லி என்ன? எனக்குத் தெரியாததா? அவங்ககிட்ட சொல்லு. நான் இருக்கும்போது சொல்லு. அப்புறம் நான் வரவும் வேண்டாம், கேக்கவும் வேண்டாம்." கதவு வரை வந்தவர் கேட்டார், "பெட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர். அறுந்த கம்பியைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே நாளில் எத்தனைதான் சொல்வது என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு பெஞ்சில் லிஃப்ட்காரரைப் பார்த்ததும் மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மனைவி டீ வைத்துவிட்டு, இந்தத் தடவை போகாமல் நிலைப்படியில் நின்றாள்.

கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வலது காது போச்சு. ரெண்டு வருஷமாச்சு. அன்னிக்கு மந்தம் பெட்டில இல்ல, என்கிட்டதான். இவன் எதையும் மாத்தல. நான் சொன்னது தப்பு."

தாளை நீட்டினார். பல் டாக்டர் வாங்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "அடடா. மேல்சத்தம் பூரா விழுந்துடுச்சே சார். இப்ப நல்ல மெஷினெல்லாம் வந்திருக்கு. என் மச்சான்கூட வச்சிருக்கார்."

"கஷ்டம்தான் சார்," என்றார் வாத்தியார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"அதனால இவன் மேல தப்பில்ல," என்றார் கண்ணாடிக்காரர் மறுபடி.

தாள் கைமாறி இன்ஷூரன்ஸ்காரரிடம் போனது. அவர் அதை மடித்துக்கொண்டே சொன்னார், "உங்க காது சரி சார். ஆனா நாங்களும் கேட்டோமே."

"கேட்டோம்னு சொன்னீங்க."

"சும்மா சொல்லல சார், கேட்டோம். சளி பிடிச்ச மாதிரின்னு நான் சொல்லல? எனக்கென்ன காது போச்சா?"

"நான் சொன்னதால உங்களுக்கும் அப்படித் தோணியிருக்கும்."

"சார்," என்றார் பல் டாக்டர். குரல் மாறியிருந்தது, பல்லைப் பிடுங்குமுன் பேசும் குரல். "நீங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுது. உள்ள வரும்போதேன்னு அன்னிக்கே சொன்னேன். உங்க காதுல குறை இருக்கலாம், அது வேற விஷயம். அதுக்காக எங்கள எல்லாம் செவிடாக்காதீங்க."

"அப்ப ஒண்ணு செய்யலாம்," என்றார் வாத்தியார். கணக்குக்கு விடை பின்பக்கத்தில் இருக்கும் என்று நம்புகிறவர். "போட்டுக் கேட்டுருவோம். அவரையே நாற்காலில உக்கார வைங்க. அவர் காதுலதான் குறையில்லையே."

கண்ணாடிக்காரர் வாயெடுப்பதற்குள் லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். அந்த நாற்காலியில் அவர் இதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. டாக்டர் ரெக்கார்டை ஓடவிட்டார்.

லிஃப்ட்காரர் கண்ணை மூடவில்லை. வலது பெட்டியைப் பார்த்தபடி கேட்டார். பாட்டுக்காரி பாடினாள். அவர் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு நெற்றி சுருங்கியது. எழுந்துபோய் வலது பெட்டி அருகே குனிந்து காதை வைத்தார். இடதிலும் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்ன கேக்குது? சொல்லுங்க," என்றார் டாக்டர்.

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நாற்பது வருஷம் சத்தத்துக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர்.

"வலது மந்தமாத்தான் இருக்கு," என்றார்.

பெஞ்சில் மூவரும் ஒருசேர மூச்சு விட்டார்கள்.

"அது வேற!" கண்ணாடிக்காரர் கத்திவிட்டார். "இப்ப இருக்கிறது வேற ட்வீட்டர். அன்னிக்கு சாயங்காலம் மாட்டும்போது கம்பி அறுந்துடுச்சு. நான்தான் கையில கிடைச்சதப் போட்டு மூடினேன். இருங்க." இழுப்பறையைத் திறந்து கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து திறந்து நீட்டினார். "இதுதான் அசல்."

டாக்டர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை. "அறுந்துபோச்சே. இத வச்சு என்ன கேக்கறது?"

"கேக்க முடியாது. ஆனா இதுதான் அன்னிக்கு இருந்தது."

"எட்டு மாசமா இதச் சொல்லவேயில்லையே சார் நீங்க."

"இல்ல."

"சரி. இப்ப உள்ள இருக்கிறது மட்டமான சரக்குன்னு நீங்களே சொல்றீங்க?"

"ஆமா."

"இதோ இப்ப வருதே, இந்தச் சத்தம்தான் அன்னிக்கும் வந்துச்சு. அச்சு அசல் இதேதான். என்ன வாத்தியாரே?"

"இதேதான்," என்றார் வாத்தியார்.

"இதே சளி," என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

"அப்ப அன்னிக்கு இருந்ததும் மட்டமான சரக்குதான்னு ஆகுது," என்றார் டாக்டர். "நீங்க நல்ல மனசுல அவரக் காப்பாத்தப் பாக்கறீங்க. முப்பது வருஷப் பழக்கம், புரியுது. விடுங்க சார்."

நிலைப்படியில் நின்ற மனைவி, "என்னங்க இது அநியாயம்," என்றாள். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து கண்ணாடிக்காரர் கையிலிருந்து கூட்டை வாங்கினார். அறுந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். கூட்டை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்கிட்ட அன்னிக்கே குடுத்திருந்தா ஒட்டியிருப்பேன்," என்றார். "அறுந்தது ரொம்ப இல்ல."

அவர் எழுந்த நாற்காலியில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை சரியாகக் கேட்டுவிடலாமே என்றார். கண்ணை மூடிக்கொண்டார். வாத்தியார் ஊசியைத் தூக்கி ஆரம்பத்தில் வைத்தார்.

இருவரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். மாடியிலிருந்து பாட்டு கேட்டது. பஸ் நிறுத்தம் வரை கண்ணாடிக்காரர் கூடவே நடந்தார். லிஃப்ட்காரர் முதலில் இடது பக்கம் வந்தார். தெரு முனையில் குப்பைத் தொட்டியைச் சுற்றிப் போனபோது மாறி, வலது பக்கம் வந்தார். பிறகு அங்கேயே நடந்தார். எந்தப் பக்கம் நடக்கிறோம் என்று தெரியாத ஆளல்ல.

நிறுத்தத்தில் ஒரு லாரி இரைந்துகொண்டு நின்றது. லிஃப்ட்காரர் அதே வலது பக்கம் நின்று ரோட்டைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். சின்ன வாக்கியமில்லை. நிறுத்தி நிறுத்தி, கொஞ்ச நேரம் சொன்னார். ஓரிடத்தில் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். முடிந்ததும் திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார்.

பஸ் வந்தது. லிஃப்ட்காரர் ஏறிக்கொண்டார்.